நீ அவளைச் சாப்பிட அனுப்பிய காலை

என் தங்க வனிதாக்கா,

நீ என்னிடம் வாங்கிக்கொண்டு போன வாக்கை நான் மீறிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு.

தர்ஷினி சாப்பிடுவதில்லை, அக்கா. பதினாறு வயதுப் பெண், உன் ஒரே மகள், சாப்பிடுவதில்லை. நீ போன முதல் மாதம் துக்கம் என்று நினைத்தோம். அடுத்து பரீட்சை பயம் என்று நினைத்தோம். அத்தான் தேக்கா கடைத்தெருவிலிருந்து அவளுக்குப் பிடித்த பிரியாணி வாங்கி வருவார். அதைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிவிட்டு, "அப்புறம் சாப்பிடுறேன்பா" என்று எழுந்துவிடுவாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

நான் பொங்கோலில் என் வீட்டிலிருந்து சிங்கப்பூரையே குறுக்கே கடந்து, வாரத்தில் மூன்று நாள் புக்கிட் மேராவுக்கு, உன் வீட்டுக்கு வந்து சமைத்தேன். உன் கைப்பக்குவத்திலேயே மீன் குழம்பு வைத்துப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தால் நான்கு வாய் சாப்பிடுவாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் மீதி குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். பள்ளிச் சீருடை அவள் மேல் ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் தலை வாரிவிட்டேன். சீப்பில் கொத்தாக முடி வந்தது. அவள் பார்க்கும் முன் அதை என் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் மிகவும் மென்மையாகத்தான் பேசினார். அடுத்த செவ்வாய்க்கிழமை எடை இன்னும் இறங்கியிருந்தால் வார்டில் சேர்த்தே ஆகவேண்டும் என்றார். அவளுடைய இதயத் துடிப்பு தமக்குப் பிடிக்கவில்லை என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தான் டாக்டர் கொடுத்த சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். உன்னைத் தகனம் செய்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் வேலையில் இருந்தபோது தர்ஷினியே என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, சன்டே காலையில நம்ம புளோக் கீழ இருக்கிற கஃபேக்குப் போலாமா? நீங்களும் நானும் மட்டும்."

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன். அவளே சாப்பிடப் போகலாம் என்கிறாள்! அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஏன் அந்தக் கஃபே என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

அந்தக் கஃபே திறந்த புதிதில் நீ செய்யாத கிண்டலா? பழைய முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் நான்கு செடியையும் மர மேசையையும் போட்டு, வாசலில் அத்தனை பெரிய வரிசை. "முட்டையும் ரொட்டியும் திங்க ஒரு மணி நேரம் கியூவா? பைத்தியம் லா இவங்களுக்கு" என்று லிஃப்ட்டில் யாரென்றே தெரியாதவரிடமெல்லாம் சொன்னாய். ஒரே ஒரு முறை, என் பிறந்தநாளுக்கு, நான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு உன் ஓய்வு நாளெல்லாம் அங்கேதான். அந்த முதல் நாள் முட்டையைக் குத்தி மஞ்சள் வழிந்தோடியதும், "ஏன்டி, இது வேகவே இல்லையே" என்று நீ கூவியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இடம் உனக்குப் பிடித்துப்போனதன் காரணம் எனக்குத் தெரியும். இருபது வருடம் பஸ் ஓட்டியவள் நீ. விடியும் முன் டிப்போவுக்குப் போய்விட்டு, இரண்டு ட்ரிப்புக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் பேருந்து நிலையத்தில் நின்றபடியே எதையாவது விழுங்குவாய். "வாரத்துல ஒரு நாளாவது யாராச்சும் எனக்குக் கொண்டுவந்து வைக்கணும், நான் நிதானமா சாப்பிடணும்" என்பாய். அங்கே நீ சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். காப்பி ஆறிப்போனாலும் கோப்பையை எடுக்கவிடமாட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வரிசை வாகன நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. குழந்தை வண்டிகள், ஓட்டப் பயிற்சி முடித்து வியர்வையோடு வந்தவர்கள், நாயோடு நின்றவர்கள். தர்ஷினி தூணில் சாய்ந்துகொண்டாள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். "உட்காரும்மா, நான் நிக்கிறேன்" என்றால் கேட்கவில்லை. "இல்ல சித்தி, நான் கியூவுல நிக்கணும்" என்றாள். நிற்கணும் என்ற அந்தச் சொல் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருவழியாக இடம் கிடைத்தது. நமக்கு எப்போதும் பரிமாறும் அந்தப் பிலிப்பினோ பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். என்னைக் கண்டதும் சிரித்து, ரொம்ப நாளாயிற்றே, உன் அக்கா எங்கே என்று கேட்டாள். அம்மா இறந்துவிட்டார்கள் என்று தர்ஷினிதான் ஆங்கிலத்தில் சொன்னாள், சாப்பாடு ஆர்டர் சொல்வது போன்ற குரலில். அந்தப் பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மெனுவைப் பார்க்காமலேயே உன் மகள் வாழைப்பழம் போட்ட பேன்கேக்கும் சூடான சாக்லெட்டும் கேட்டாள்.

தட்டு வந்தது. மூன்று பேன்கேக். மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பீங்கானும் கரண்டியும் மோதும் சத்தம், காப்பி இயந்திரத்தின் இரைச்சல், சிரிப்பு. எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு வாய், கடவுளே, ஒரு வாய் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"சாப்பிடு கண்ணு. ஆறிடும்."

"சித்தி, அன்னைக்கும் இதேதான் ஆர்டர் பண்ணேன்."

"என்னைக்கு?"

"அம்மா போன அன்னைக்கு. அந்த மூலை டேபிள்ல ஃப்ரெண்ட்ஸோட உட்கார்ந்திருந்தேன். ஃபுல்லா சாப்பிட்டேன். ஜாஸ்மின் பிளேட்ல இருந்தும் எடுத்துச் சாப்பிட்டேன். போன் பேக்ல சைலன்ட்ல இருந்துச்சு. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. மேல அம்மா போய்க்கிட்டு இருந்தாங்க, நான் இங்க சிரப் ஊத்திக்கிட்டு இருந்தேன். லிஃப்ட் ஏறினா ரெண்டு நிமிஷம் சித்தி. ரெண்டே நிமிஷம்."

நான் தட்டை நகர்த்தக் கை நீட்டினேன். அவள் தடுத்தாள்.

"எதை வாயில வச்சாலும் அந்த டேஸ்ட்தான் வருது. இங்கயே வந்து, இதையே சாப்பிட்டுப் பார்த்தா போயிடும்னு நெனச்சேன். ஐ ரியலி ட்ரைட். முடியல."

அன்று காலை நடந்தது உனக்குத் தெரியும், அக்கா. ஆனால் உனக்குத் தெரியாத மிச்சமும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அன்று காலையிலேயே நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குள் முடிந்துவிடும் என்று என்னிடம் சொன்னார். நீ கண்ணை மூடிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டாய். அந்த நேரத்தில்தான் தர்ஷினி வந்து, பரீட்சை முடிந்ததற்குத் தோழிகள் கீழே கூப்பிடுகிறார்கள், ஒரு மணி நேரம் போய்விட்டு வரட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். எங்கிருந்து வந்தது உனக்கு அவ்வளவு பலம்?

"போயிட்டு வாம்மா. நிதானமா சாப்பிட்டுட்டு வா" என்று அவளை அனுப்பினாய். கதவு சாத்தியதும் என்னிடம் சொன்னாய்: "நம்ம அம்மா போறதை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன் சுமதி. நீ ஸ்கூல்ல இருந்த. இன்னைக்கு வரைக்கும் அம்மான்னு நெனச்சா எனக்கு அந்தக் கடைசி முகம்தான் வருது. வேற முகமே வரமாட்டேங்குது. என் பிள்ளைக்கு அது வேணாம். எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிடு. நான்தான் அனுப்பினேன்னு எப்பவும் சொல்லாத. என்னை மன்னிக்க மாட்டா."

நான் சத்தியம் செய்தேன். ஒரு மணி நேரத்தில் உன் மூச்சு மாறியது. அத்தான் பதறி, "தர்ஷுவைக் கூப்பிடு, சீக்கிரம்" என்று கத்தினார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறா" என்றேன். நான் அடிக்கவே இல்லை, அக்கா. எண்ணைத் தொடக்கூட இல்லை. நீ போன பிறகு மூன்று முறை அடித்தேன். அப்போது உண்மையிலேயே அவள் எடுக்கவில்லை.

உனக்குத் தெரியாதது இதுதான். உன் இறுதிச் சடங்கு முடிந்த அன்று, அழுது அழுது ஓய்ந்துபோன நேரத்தில் அத்தான் அவளிடம், "உன் சித்தி கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா, நீ எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். ஒரே ஒரு முறைதான். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உனக்குக் கொடுத்த சத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாதம்.

அந்தப் பேன்கேக் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்? இன்னும் வாயை மூடிக்கொண்டு, உன் மகள் கரைந்து போவதைப் பார்த்திருக்க வேண்டுமா?

சொல்லிவிட்டேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும். மேசைக்கு மேல் குனிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "அப்போ அந்த மூணு மிஸ்டு கால்?" என்று கேட்டாள்.

"அம்மா போனதுக்கு அப்புறம் அடிச்சது."

"அதுக்கு முன்னாடி?"

"அடிக்கலம்மா."

என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "எட்டு மாசம் சித்தி! வாராவாரம் வந்து என்னைப் பார்த்தீங்கல்ல? எனக்குச் சோறு போட்டுட்டு முன்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்கல்ல?" அவள் குரலுக்குக் கடையே அமைதியாகிவிட்டது. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். அந்த உடம்பில் ஓடுவதற்கு என்ன இருந்தது? நான் குனிந்து நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிலிப்பினோ பெண்தான் என் முதுகில் கைவைத்துத் தள்ளி, போ, போ என்றாள்.

லிஃப்ட் மேலே போய்விட்டிருந்தது. ஒன்பது மாடியும் படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தேன். நான் என்ன தேடினேன் என்று உனக்கு எழுத முடியவில்லை. எழுதமாட்டேன்.

அவள் வீட்டில்தான் இருந்தாள். உன் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டிருந்தாள். உனக்காக வாடகைக்கு எடுத்த நோயாளிக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அந்த அறை காலியாகவே கிடக்கிறது. அத்தான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னாச்சு? என்ன சொன்ன அவகிட்ட?" என்று கேட்டார். அவருக்கும் அங்கேயே, அந்தக் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னேன்.

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ போன் பண்ணவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "நான் அவளைக் கேட்டுட்டேனே சுமதி. ஏன் எடுக்கலைன்னு என் வாயால என் பிள்ளையைக் கேட்டுட்டேனே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவருகே மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தமே இல்லை. அத்தான் பூட்டுக்காரரைக் கூப்பிட எழுந்தபோதுதான் அவள் குரல் வந்தது. கதவுக்கு மிக அருகில், தரையிலிருந்து.

"அம்மா என்னைக் கேட்டாங்களா? கடைசியில?"

இதை நான் கஃபேயில் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமே இப்போதுதான் கேட்கிறேன், அக்கா. கடைசி மூச்சுக்கு முன்னால் நீ கண்ணைத் திறந்து "தர்ஷு" என்றாய். ஒரே ஒரு முறை. என்னைப் பார்த்துச் சொன்னாயா, கதவைப் பார்த்துச் சொன்னாயா? பெயரை நினைத்துச் சொன்னதா, கூப்பிடு என்று சொன்னதா? மனம் மாறிவிட்டதா உனக்கு? என் கையில் போன் இருந்தது. நான் அழுத்தி, அவள் எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பாள். நான் உன் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் நின்றேனா? இந்த எட்டு மாதமாக நான் ஒழுங்காகத் தூங்கியது எத்தனை நாள் என்று உனக்குத் தெரியுமா?

பொய் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லையம்மா, நிம்மதியாகப் போனார்கள் என்று சொல்லியிருக்கலாம். அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரைச் சொன்னாங்க" என்றேன். "கூப்பிடச் சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களான்னு எனக்குத் தெரியலம்மா. நான் கூப்பிடல. தப்பு என்னோடது. உன்னோடது இல்ல. அன்னைக்கு நீ சாப்பிட்டது தப்பே இல்ல. உங்கம்மா சொல்லித்தான் நீ போன."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அப்பாவின் தோளில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தான், "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா" என்று அவள் முதுகைத் தடவினார். என் பக்கம் திரும்பாமலேயே, "நீங்க போங்க சித்தி. ப்ளீஸ்" என்றாள். போனேன்.

செவ்வாய்க்கிழமை எடை இறங்கித்தான் இருந்தது. வார்டில் சேர்த்துவிட்டார்கள். இதோடு பன்னிரண்டு நாளாகிறது. வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தினமும் காலையில் போகிறேன். அவள் என்னை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் வெளியே, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன். அத்தான் வந்து சொல்வார். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அரைத் துண்டு ரொட்டி. பிறகு ஒரு முழு இரவு காறி உமிழ்ந்து அழுதாளாம். அடுத்த நாள் பாதி முட்டை. நேற்று அவளே கேட்டுக் கஞ்சி வாங்கிக் குடித்தாளாம். டாக்டர் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. இது நீண்ட பாதை, திரும்பவும் சறுக்கலாம் என்கிறார். ஆனால் சாப்பிடும்போது அந்தப் பழைய ருசி வருவதாக இப்போது சொல்வதில்லையாம்.

நான் உண்மையைச் சொன்னதால்தான் சாப்பிடுகிறாளா? இல்லை, என்மேல் உள்ள கோபத்தில் சாப்பிடுகிறாளா? எதுவாக இருந்தாலும் சரி, அக்கா. என்னை வெறுத்துக்கொண்டே அவள் ஒரு இட்லி தின்றால் எனக்கு அது போதும்.

இன்று காலை அந்த இருக்கையில் இருந்தபோது என் போன் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் அனுப்பிய செய்தி. இத்தனை நாளில் முதல் செய்தி.

"அன்னைக்கு அம்மா கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

உண்மையை எழுதினேன். "நீ கீழ போனப்புறம் சூடா மைலோ கலந்து கேட்டாங்க. மூணு ஸ்பூன் குடுத்தேன். சர்க்கரை பத்தலைன்னு சொன்னாங்க."

படித்துவிட்டாள் என்று காட்டியது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த கேள்வி வந்தது. "வலிச்சுதா அவங்களுக்கு?" அதற்கும் எழுதினேன். அதற்கு அடுத்ததற்கும். வார்டில் மதியச் சாப்பாட்டு வண்டி உள்ளே போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதினேன்.

அக்கா, உனக்குக் கொடுத்த சத்தியம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறேன், வாங்கிக்கொள். உன் மகள் எதைக் கேட்டாலும் இனி மறைக்கமாட்டேன். நீயே வந்து கேட்டுக்கொண்டாலும் மறைக்கமாட்டேன். அவள் என்னை உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், நாளைக் காலையில் கதவு திறக்கும்போது நான் அந்த வராந்தாவில் இருப்பேன். மறுநாளும் இருப்பேன்.

உன் பேச்சைக் கேட்டும் தவறி, மீறியும் தவிக்கிற,
உன் ஒரே தங்கை,
சுமதி